சென்னை பக்கம்தானே

தம்பி, ஒரு தகவல் நேற்று உறுதியாகிவிட்டது. வியாழக்கிழமை மதியம் சென்னையிலிருந்து வரும் வழியில், சுங்கச்சாவடியில் பணம் கழிந்து தடுப்புக் கட்டை மேலே எழுந்த பிறகும் நகராமல் நின்ற வெள்ளைக் கார் உன்னுடையதுதான். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவன் நீதான். சொன்னது நீயே, ஞாயிற்றுக்கிழமை காலை, திண்டிவனத்தில் நம் வீட்டுக் கூடத்தில், அம்மா, உன் தாய்மாமன், உன் மனைவி சங்கீதா, நான் ஆகியோர் முன்னிலையில். அதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரியும். ஆனால் சம்பந்தப்பட்டவர் வாயால் வரும்வரை எந்தச் செய்தியையும் உறுதி என்று நான் எழுதியதில்லை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் நிருபராக இருந்த காலம் முழுக்க அப்படித்தான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எத்தனையோ விபத்துகளைப் போய்ப் பார்த்தவன், அதிர்ச்சி எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். பழகவில்லை.

இன்று காலை நீ காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, சென்னையில் நீ வைத்திருக்கும் அறைக்கு ரயிலில் கிளம்பினாய். நடைமேடையில் நிற்கும்போது, இதை எழுதிப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "என் பேரு, கம்பெனி பேரு ரெண்டும் வேணாம்பா. மத்தபடி எழுதிக்கோங்க" என்றாய். இரண்டையும் எழுதவில்லை. உன்னைப் போலப் பிள்ளைகளை நெடுஞ்சாலையில் ஓடவிட்டு, வந்தானா, சாப்பிட்டானா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் வேறு வீடுகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அவர்களும் படிக்கட்டும். ஆனால் எழுதுவது உனக்குத்தான். நேரில் உட்கார்ந்தால் நான் கேள்வி கேட்பேன், நீ பதில் சொல்வாய். பேட்டி போல ஆகிவிடும். நமக்குள் பல காலமாக அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

வியாழக்கிழமை நாங்கள் திருவெண்ணெய்நல்லூரில் இருந்தோம். உன் பெரியம்மா பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். முந்தின நாள் அம்மா உனக்குப் போனில் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் இருந்தேன். "ரூமுக்குப் போயி படுத்துடாதடா. ஏர்போர்ட்டுலர்ந்து நேரா வந்துடு. அந்த யூனிபார்மோடவே வா, மாப்ள வூட்டுக்காரங்க பாக்கட்டும். அர மணி நேரம் தலய காட்டிட்டுப் போ, போதும்." நீ அதிகாலையில் தூத்துக்குடிக்கும் அங்கிருந்து திரும்பி மதுரைக்கும் விமானம் ஓட்டிவிட்டு வருகிறவன் என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அம்மா போனை வைத்ததும், "வந்துடுவான், சென்னை பக்கம்தானே" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

மண்டபத்தில் தட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. சுங்கச்சாவடியில் நிற்கும் ஆம்புலன்ஸின் ஓட்டுநர். உன் கல்யாணத்துக்குக்கூட வந்திருந்தார். நான் வேலையில் இருந்தவரை நெடுஞ்சாலை விபத்துகளை முதலில் எனக்குச் சொன்னவர் அவர்தான். எடுத்த எடுப்பில் செத்தவர், அடிபட்டவர் எண்ணிக்கையில்தான் ஆரம்பிப்பார். அன்று அப்படி ஆரம்பிக்கவில்லை. "சார், மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், யாருக்கும் ஒண்ணியும் ஆவல" என்றார். மேளச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்து, கரும்பு டிராக்டர் ஒன்றின் நிழலில் நின்றேன்.

"நம்ம பைலட்டு தம்பி காருங்க சார். கட்டை தூக்கிக்கிச்சி, காரு நகரல. பின்னால லாரிக்காரன் ஹாரன் அட்சிக்கினே இருக்கான். எறங்கி வந்து, 'இன்னாய்யா, உங்க அப்பன் வூட்டு ரோடா'ன்னு கேட்டுக்கினு குனிஞ்சி பாத்தா, இவரு கண்ண மூடிக்கினு உக்காந்துக்கிறாரு. அட்டாக்குன்னு நெனச்சி என்னக் கூப்ட்டாங்க. நான் கண்ணாடிய தட்றேன், தட்றேன், எழுந்துக்கல சார். கடசில திடுக்குன்னு எழுந்து இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாரு, ரேடியோல பேசற மாதிரி. நான் பேஜாராயிட்டேன். அப்பறம் தண்ணி குடுத்தோம். மூஞ்சி கழுவிக்கினு, 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்கண்ணே'ன்னாரு. அதான் ஒடனே உங்களுக்குப் போட்டுட்டேன்."

கொஞ்ச நேரத்தில் நீ வந்தாய். வெள்ளைச் சட்டை, தோளில் கேப்டனுக்குரிய கோடுகள், ஈரம் காயாத காலர். எல்லோருடனும் நின்று படம் எடுத்துக்கொண்டாய். மாப்பிள்ளையின் அப்பா உன் தோள் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பார் இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டாய். நான் கேட்கவில்லை. ஏழுமலை ஆளை மாற்றிச் சொல்லியிருக்கலாம், யாரோ வேறு கம்பெனிப் பையனாக இருக்கலாம் என்று கை கழுவும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஈரக் காலரைப் பார்த்துக்கொண்டேதான் சொல்லிக்கொண்டேன்.

திரும்பும்போது நீ ஓட்டினாய். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாழ்நாள் முழுக்க டிவிஎஸ்தான். வழக்கமாகப் பின்னால் உட்காருகிறவன் அன்று முன்னால் உட்கார்ந்து, விழுப்புரம் வரை ஒரு பேச்சு, அங்கிருந்து திண்டிவனம் வரை ஒரு பேச்சு என்று நிறுத்தாமல் பேசினேன். பஸ் ஸ்டாண்டை மாற்றியபோது நடந்த சண்டை, நகராட்சிக் கூட்டத்தில் நாற்காலி பறந்த கதை, மல்லாட்டை விலைக்காக விவசாயிகள் நடத்திய மறியல், எல்லாம் சொன்னேன். "என்னப்பா, இன்னிக்கு இவ்ளோ பேசறீங்க?" என்றாய். பின் சீட்டிலிருந்து அம்மா, "அவுருக்குப் புது பேட்டரி போட்டிருக்காங்கடா, தீர்ற வரிக்கும் பேசிக்கினுதான் வருவாரு" என்றாள். நீ சிரித்தாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. உன் கண் இமைகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு தடவை அவை மூடும்போதும், திறக்கும்வரை என் வலது கால் தரையை மிதித்தது. அங்கே பிரேக் கிடையாது.

ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். "தூக்கக் கலக்கம்." நான் எழுதிய விபத்துச் செய்திகளில் கடைசி வரிக்கு முந்தின வரி பெரும்பாலும் அதுதான். ஓட்டுநரின் தூக்கக் கலக்கமே விபத்துக்குக் காரணம் என்று கூறப்படுகிறது. காவல் நிலையத்தில் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுவேன். அந்த வரியோடு செய்தி முடிந்துவிடும். யார் அவரை ஓட்டச் சொன்னது, அதற்கு முன் எப்போது படுத்தார், எங்கே போய்ச் சேரும் அவசரம் என்று யாரும் கேட்பதில்லை. பௌர்ணமிக்குத் திருவக்கரை கோயிலுக்குப் போய்த் திரும்பும் வேன்கள், கல்யாண கோஷ்டிகள், காய்கறி வண்டிகள், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வார்த்தை போதுமானதாக இருந்தது. வியாழக்கிழமை அந்த டிராக்டரின் நிழலில் நிற்கும்போது, உன் பெயருக்குப் பின்னால் அந்த வரி என் தலைக்குள் தன்னைத்தானே எழுதிக்கொண்டது. வயது, ஊர், தொழில் எல்லாம் போட்டு, அச்சுக்குத் தயாராக. அதை நிறுத்த என்னால் முடியவில்லை.

இந்த வார்த்தையை வைத்து ஒரே ஒருவரிடம்தான் நான் மேற்கொண்டு பேசியிருக்கிறேன். அவர் ஒரு கரும்பு லாரி ஓட்டுநர். வண்டி சாலையோரப் பள்ளத்தில் இறங்கி, கால் முறிந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். வேறு யாருக்கும் அடியில்லை என்பதால் செய்தியில் அது சின்ன இடம்தான். எப்படித் தூங்கிப் போனீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "தூரத்துல வரும்போதெல்லாம் கண்ணு நல்லாத்தான் சார் இருந்திச்சி. எங்க ஊரு ரோடு திரும்பினதும், வூடு கிட்ட வந்துடுச்சின்னு மனசுக்குத் தெரிஞ்சிப் போச்சி. கண்ணு தானா எறங்கிடுச்சி" என்றார். அதைச் செய்தியில் எழுத இடமில்லை. அப்போது அது ஒரு மனிதர் சொன்ன சமாதானமாகத்தான் எனக்குப் பட்டது. சென்னையை விட்டு வெளியே வரும் அவ்வளவு நெரிசலையும் தாண்டி வந்த நீ, திண்டிவனம் நெருங்கும் சுங்கச்சாவடியில்தான் தூங்கினாய். இப்போது அவர் சொன்னதை நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கு வருகிறேன், அதற்கு முன் போன மாதப் பேச்சு. உன் கம்பெனி சென்னையிலிருந்து ஓட்டும் சின்ன விமானங்களைக் குறைக்கிறது, விமானிகளை இடம் மாற்றப் போகிறது என்று போன மாதமே வந்து சொன்னாய். மூன்று வழி வைத்திருக்கிறார்கள் என்றாய். டெல்லிக்குப் போனால் பெரிய விமானம், வெளிநாட்டுப் பயணம், குடியிருப்பும் அங்கேயே. சென்னையில் மிச்சமிருக்கும் சின்ன விமானத்திலேயே தொடர்ந்தால், இப்போது போலவே அதிகாலைப் பயணங்கள், அதுவும் இன்னும் கூடுதலாக. மூன்றாவது, பயிற்சி மையத்தில் இளம் விமானிகளுக்குச் சொல்லித் தருவது. பறப்பது பாதியாகக் குறையும், சம்பளமும் குறையும், பகல் வேலை. நீ எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்டாய்: "உங்களுக்கெல்லாம் எது சரின்னு படுது?" உடனே நாங்கள் எல்லோரும் சென்னை என்றோம். யோசிக்கவே இல்லை. அம்மா, மாமா, நான். சங்கீதா பேசவில்லை. அவள் பேசாததை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று இந்த மூன்று நாளாக யோசிக்கிறேன். நம் ஊர்க்காரர்களுக்குச் சென்னை வேறு ஊர் இல்லை. காலை ரயிலில் ஏறி, சீட்டுப் பிடித்து, தூங்கி, தாம்பரத்தில் எழுந்து, வேலை பார்த்து, மாலை ரயிலில் தூங்கி, திண்டிவனத்தில் இறங்கிய தலைமுறை எங்களுடையது. உன் மாமா அந்த சீசன் டிக்கெட்டிலேயே ஓய்வு பெற்றவர். ரயிலில் அவருக்கென்று ஒரு பெட்டி, ஒரு சீட்டுக்கட்டு கோஷ்டி, எழுப்பிவிட ஆள் என்று எல்லாம் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டிலும் நாம் அதைத்தான் சொன்னோம்: பையன் விமானம் ஓட்டினாலும் சென்னையில்தான், சென்னை பக்கம்தானே, தினம் வந்துவிடுவான். அந்த நம்பிக்கையில்தான் சங்கீதாவுக்குக் கிளியனூர்ப் பள்ளி வேலை, திண்டிவனத்தில் உனக்கு வீடு. ரயிலுக்குப் போட்ட கணக்கை அப்படியே உனக்கும் போட்டுவிட்டோம். நீ ரயிலில் வர முடியாத நேரத்தில் வேலைக்குப் போகிறவன், ரயில் இல்லாத நேரத்தில் வேலையை முடிக்கிறவன் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

சுங்கச்சாவடி விஷயத்தை நீயே சொல்லி முடித்ததும் மாமா எடுத்த எடுப்பில் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், அவருக்கும் கோபம் வராது. "இன்னாடா இது, அதிசயமா சொல்ற? நான் காலம் பூரா போய் வர்ல? நீ வானத்துல ஓட்ற ஆளு. தரையில ஒரு காரு ஓட்ட முடியலன்னா எப்பிட்றா?" நீ நிதானமாகக் கேட்டாய்: "மாமா, அந்த ரயிலை நீங்களா ஓட்டினீங்க?" சங்கீதா சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். மாமாவே கூடச் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் நீ வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னாய். அன்று உனக்கு விமானம் இருந்தது. கம்பெனிக்குப் போன் செய்து, இன்று நான் பறக்கும் நிலையில் இல்லை என்று சொல்லிவிட்டாய். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "அய்யய்யோ, வேலைய வுட்டுட்டியாடா?" மாமா, "சஸ்பெண்டு பண்ட்டாங்களா?" என்றார். நீ விளக்கினாய். இதில் தண்டனை எதுவும் இல்லை. களைப்பாக இருக்கிற விமானி அதைச் சொல்லியே ஆக வேண்டும், அது விதி. சொன்னால் வேறொருவர் ஓட்டுவார், கம்பெனி உன்னைத் திட்டவில்லை, புதன்கிழமை வரை ஓய்வு கொடுத்திருக்கிறது. எனக்கு அது புதுச் செய்தி. விமானத்தில் ஏறுகிற அத்தனை பேரும் இந்த ஒரு விதியை நம்பித்தான் கண்ணை மூடுகிறார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உன்னைப் பற்றி எனக்கு எத்தனையோ பெருமைகள் உண்டு. நீ அந்தப் போனைச் செய்ததைப் போல வேறொன்றும் இல்லை.

அந்தப் பெருமை நிலைக்கும் முன்பே நீ இன்னொன்று சொன்னாய். நீ அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் தாங்கவில்லை. "அந்த ரூல் ஏரோப்ளேனுக்குத்தான்பா. வீட்டுக்கு வர்றதுக்கு அப்படி ஒரு ரூல் கிடையாதே."

தம்பி, கம்பெனியிடம் சொல்ல முடிந்த வார்த்தையை உன்னால் எங்களிடம் சொல்ல முடியவில்லை. வியாழக்கிழமை அதே உடம்பு, அதே களைப்பு. மதுரை விமானம் இறங்கியதும் இன்னொரு விமானம் ஓட்டச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பாய். அம்மாவிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கம்பெனி உன் தூக்கத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறது, பெற்றவர்கள் நாங்கள் வைக்கவில்லை. எப்போது வருவாய் என்று கேட்டிருக்கிறோம், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறோம். எப்போது தூங்கினாய் என்று கேட்டதே இல்லை. என்னைப் போலக் கேள்வி கேட்டே பிழைத்தவனுக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. இனி அந்த விதி நம் வீட்டுக்கும் உண்டு. இன்று நான் வரும் நிலையில் இல்லை என்று நீ சொன்னால் போதும். காரணம் கேட்க மாட்டோம். கல்யாணமானாலும் சரி, கருமாதியானாலும் சரி. அம்மாவிடம் பேசிவிட்டேன். "நான் கூப்ட்டதாலதான் வந்தான்" என்று நேற்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் அதைப் பற்றி நீ எதுவும் கேட்க வேண்டாம், சமாதானமும் சொல்ல வேண்டாம். வழக்கம் போலப் பேசு.

சங்கீதா நேற்று என்னிடம் தனியாகப் பேசினாள். போன மாதம் ஏனம்மா வாயே திறக்கவில்லை என்று அவளைக் கேட்டேன். "நீங்க யாரும் என்னைக் கேக்கலையே மாமா" என்றாள். பிறகு, "எனக்கு அவரு தினம் வந்துட்டுப் போற வீடு வேணாம். அவரு தூங்கற வீடு வேணும். அது தாம்பரத்துல ஒரு ரூமா இருந்தாலும் பரவால்ல. நான் இடமாறுதல் கலந்தாய்வுல எழுதிப் போடறேன். கணக்கு டீச்சர் வேணாம்னு எந்த ஸ்கூல்ல சொல்லப் போறாங்க?" என்றாள். டெல்லியைப் பற்றியும் கேட்டேன். அரசு வேலையை விட வேண்டியிருக்கும், அது கஷ்டம்தான், ஆனால் பேசவே கூடாத விஷயமில்லை என்றாள். நீங்கள் இருவரும் இதைப் பேசியிருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் இன்னும் பேசவில்லை என்று தெரிந்தது. எங்கள் மூன்று பேருடைய சத்தத்தில் அவளுடைய பேச்சு உனக்கும் கேட்கவில்லை.

எது நல்லது என்று நான் இப்போது சொல்லப் போவதில்லை. போன மாதம் சொன்ன சென்னையை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அதை என் கருத்தாக எண்ணிக்கொள்ளாதே. பயிற்சி மையம் என்றால், உன் மாமா நாலு பேரிடம் என் மருமகன் இப்போது வாத்தியார் என்று சொல்லிச் சிரிப்பார், சிரிக்கட்டும். பறப்பது உனக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள முடியுமா என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்காக அதைக் குறைத்துக்கொண்டேன் என்று மட்டும் எப்போதும் சொல்லிவிடாதே, நாங்கள் கேட்கவில்லை. டெல்லி என்றால், என் பேத்தியை, உன் மகளைப் பிரிய வேண்டும், எங்கள் உடம்புக்கு ஒன்றென்றால் நீ வர நேரமாகும் என்றெல்லாம் போன மாதம் பயந்தேன். இந்த மூன்று நாளில் அந்தப் பயம் போய்விட்டது. டெல்லியிலிருந்து யாரும் அரைத்தூக்கத்தில் திண்டிவனத்துக்குக் காரோட்டிக்கொண்டு வர முடியாது. தூரம் என்றால் தூரம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பதாக நினைத்த தூரம்தான் உன்னை அந்தக் கட்டைக்குக் கீழே கண் மூட வைத்தது.

இனி, தெரியாதவை. களைப்பைப் பற்றி நீ கம்பெனிக்குக் கொடுத்த அறிக்கையைப் பார்த்து அதிகாலைப் பயணங்களைக் குறைப்பார்களா என்பதைக் கம்பெனி அடுத்த வாரம் சொல்லும் என்றாய். சங்கீதாவின் கலந்தாய்வு அடுத்த மாதம் என்று பள்ளியில் பேச்சு. தேதி இன்னும் அறிவிக்கவில்லை. மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்கிறாய் என்பதை வரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் நீ எழுதி அனுப்ப வேண்டும். அதை அனுப்புவதற்கு முன் சங்கீதாவிடம் பேசு. எங்களுக்குச் சனிக்கிழமை தெரிந்தால் போதும். அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம். நன்றாகத் தூங்கி எழுந்து, போனில் சொல்.

அப்பா